காரீயம் ஆகாது என்ற எஞ்சினியர்



பிளம்பர், பிளம்பர் என்று தினமும் சொல்றோமே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீன் மொழியில் காரீயத்துக்குப் பெயர் பிளம்பம். கெமிஸ்ட்ரியில் நாம் எழுதும் 'பிபி' குறியீடும் அதிலிருந்து வந்ததுதான். ரோமாபுரியில் காரீயத் தகட்டை வளைத்துக் குழாய் செய்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்திலேயே அது உடம்புக்கு ஆகாது என்று எழுதியவர் விட்ருவியஸ். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் படைக்குக் கல்லெறியும் பொறிகளைப் பழுது பார்த்துக் கொடுத்தார். ஃபானோ என்ற ஊரில் பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டினார். வயதான பிறகு கட்டடக்கலை பற்றிப் பத்துப் புத்தகங்கள் எழுதி அகஸ்டஸுக்கே காணிக்கையாக்கினார். எட்டாவது புத்தகம் முழுக்கத் தண்ணீர்தான்!

காரீயக் குழாய் போடும் முறையையும் அதில் சொல்கிறார். ஆனால் நல்லது சுட்ட மண் குழாய்தான் என்கிறார். ஒன்றின் முனை அடுத்ததற்குள் நுழைய வேண்டும். இணைப்பைச் சுண்ணாம்பும் எண்ணெயும் பிசைந்து அடைக்க வேண்டும். உடைந்தால் யாரும் சரிபண்ணிவிடலாம். காரீயம் கெடுதல் என்பதற்குச் சாட்சியை எங்கே கண்டார்? அதை உருக்கும் தொழிலாளியின் வெளிறிய முகத்தில்! எங்க அப்பா சூளையில் வேலை பார்க்கிறவர். அதனாலோ என்னவோ, இந்த இடம் என் மனசை விட்டுப் போகவே இல்லை.

ரோம் கேட்கவில்லை. உலகமும் ரொம்ப காலம் கேட்கவில்லை. அமெரிக்காவின் பிளின்ட் நகரம் 2014-ல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால், பழைய குழாய்களிலிருந்து காரீயம் குடிநீரில் கலந்தது. நம் நாட்டிலும் பிவிசி குழாயில் காரீயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது.

குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்பது இந்தியத் தரம். மிஞ்சினால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பழைய குழாய் உள்ள வீட்டில், ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிறகு பிடிக்கணும். குழாயை மாற்றுவதுதான் நிரந்தர வழி.

மோட்டார் அழுத்தத்தை மண் குழாய் தாங்காது. எனவே அவர் சொன்ன குழாயை நாம் போட முடியாது. அவர் பார்த்த பார்வையை எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு எஸ்டிமேட் போடப்போவது நாம்தான். விலையோடு, அதைச் செய்கிறவர் முகத்தையும் குடிக்கப்போகும் குழந்தையின் முகத்தையும் பார்ப்போம்!

— டிப்ளமோ மாணவன், கம்மாபுரம்