தமிழுக்காக வழக்காடிய பெரியார்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட ஒருவர் அதனை விட்டுச் சட்டத் துறை புகுந்தால், பொருள் தேடிப் போனார் என்று உலகம் எளிதில் சொல்லிவிடும். அவ்வாறு சென்ற ஒருவரால் தமிழன்னை தன் பழஞ்செல்வங்களுட் சிலவற்றைத் திரும்பப் பெற்றாள் என்பதை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலம். அவரே இராவ் பகதூர் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் சிற்றூரில் 1832-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இவர் பிறந்தார். தந்தையார் வைரவநாதரும் ஆசிரியரே. வட்டுக்கோட்டைச் செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் கற்றுத் தேர்ந்து, கோப்பாயில் ஆசிரியராக அமர்ந்தார். நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தபோது இவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது. இவருடைய புலமையை அறிந்த பெர்சிவல் பாதிரியார், தாம் சென்னையில் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக இவரை வருவித்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் கள்ளிக்கோட்டையிலும் சில காலம் கற்பிக்கும் பணியும் வாய்த்தது.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பி. ஏ. தேர்வில் வெற்றி பெற்றோர் இருவர். ஒருவர் தாமோதரம் பிள்ளை. மற்றவர் வட்டுக்கோட்டையில் அவருக்கு ஆசானாக இருந்த கறல் விசுவநாத பிள்ளை. ஆசானும் மாணாக்கரும் ஒரே தேர்வில் ஒருங்கே தேறிய புதுமை இது!

பின்னர்ப் பிள்ளையவர்கள் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணியேற்று, படிப்படியாக உயர்ந்தார்கள். பேரேடும் கணக்குமாக நாள் கழிக்கும் எம்போன்றோர் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். மாலையில் அலுவல் முடிந்து வீடு திரும்பினால் செய்தித்தாளைப் புரட்டவும் நமக்குச் சலிப்பாக இருக்கிறது. அவரோ அலுவலையும் விடாமல், தமிழாராய்ச்சியையும் விடாமல், சட்டமும் பயின்று 1871-இல் பி. எல். பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தது. நாற்பதை நெருங்கினோர்க்கு இனிப் படிப்பு ஏது என்று சொல்லும் நம் வாய்க்கு இது ஒரு பூட்டு.

1882-இல் அரசாங்கப் பணியினின்று ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் இருந்தார். ஆயினும், அவர் எடுத்து நடத்திய வழக்குகளுள் பெரியது நீதிமன்றத்திற்கு வெளியே நடந்தது. கரையானும் காலமும் பழந்தமிழ் ஏடுகளை நாள்தோறும் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் பொருட்டு வழக்காட முன்வந்தோர் மிகச் சிலரே.

1868-இலேயே ஆறுமுக நாவலரின் துணையுடன் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டிருந்தார். நாவலர் 1879-இல் மறைந்த பின்னர் அப்பணியின் பாரத்தைத் தாமே சுமந்தார். 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என அடுத்தடுத்து நூல்கள் அச்சேறின.

இஃது எளிய வேலை என்று எண்ணற்க. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எது, நெடில் எது என்று தெரியாது. பாட்டும் உரையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தை வேறோர் ஏட்டில் தேடவேண்டும். இரண்டும் முரண்பட்டால், எது மெய் எது பிழை எனச் சாட்சிகளை ஆராய்வது போல் ஆராய்ந்து துணிய வேண்டும். சட்டப் பயிற்சி பெற்ற அறிவுக்கு இவ்வேலை பொருத்தமாக அமைந்தது என்பது எம் கருத்து. அவர் எழுதிய பதிப்புரைகளும் நூலின் காலத்தையும் வரலாற்றையும் சான்று காட்டி நிறுவ முயலும் வாதுரைகளாகவே இருக்கின்றன.

ஆசிரியத் தொழிலை விட்டாரே அன்றி ஆசிரிய உள்ளத்தை அவர் விட்டாரில்லை. யாழ்ப்பாணத்து ஏழாலையில் பாடசாலை நிறுவிப் பிள்ளைகள் தமிழ் கற்க வழி செய்தார். 1895-இல் இராவ் பகதூர் பட்டம் பெற்றார். 1901-ஆம் ஆண்டின் முதல் நாளன்று சென்னையில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் குடியேறி வாழும் இம் மைசூர் நகருக்கும் ஏட்டுச் சுவடியின் அருமை புதிதன்று. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் இங்கு அந்நாளில் ஓரியண்டல் லைப்ரரி என வழங்கிய நூலகத்திற்குக் கொணர்ந்து கொடுத்த ஏட்டைக் கொண்டுதான் சாமா சாஸ்திரியார் 1909-இல் கௌடில்யரின் அர்த்த சாஸ்திரத்தை உலகறியச் செய்தார். கொடுத்தவர் அதனை அடுப்பில் இட்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

நம் பிள்ளைகள் ஆசிரியராகட்டும், வழக்கறிஞராகட்டும், எத்துறையும் புகட்டும்; அத்துறையில் பெற்ற திறனில் ஒரு பங்கைத் தமிழுக்கு அளிப்பார்களாக. அதற்கு முதற்படி, தமிழைப் படிக்கத் தெரிந்திருத்தல். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரோடு அன்புடன் வாழும் நம் குடும்பங்களில், மாலையில் அரை மணி நேரமேனும் தமிழ்ப் புத்தகம் திறக்கப்படுமாயின், அப்பெரியார் வென்று தந்த வழக்கு வீண்போகாது.