பில்லமாலத்து ஆசிரியர் பிரம்மகுப்தர்

ராஜஸ்தானத்து ஜாலோர் மாவட்டத்தில் பீன்மால் என்றோர் ஊர் உளது. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எம் போன்றார்க்கு அஃது ஒரு நிலையத்தின் பெயர் மட்டுமே. ஆனால் ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன்னர், பில்லமாலம் என்ற பெயரோடு கூர்ஜர நாட்டின் தலைநகராய் அது விளங்கிய காலத்தில், நம் பிள்ளைகள் இன்று கண்ணீரோடு கற்கும் பீஜகணிதத்திற்கு ஓர் ஒழுங்கு வகுத்த பேரறிஞர் அங்கே வாழ்ந்தார். அவரே பிரம்மகுப்தர்.

கி.பி. 598இல் ஜிஷ்ணு என்பாரின் மைந்தராய்த் தோன்றிய அவர், வியாக்கிரமுகன் என்னும் மன்னன் ஆட்சியில், தம் முப்பதாம் வயதில், அதாவது 628இல், பிரம்மஸ்புட சித்தாந்தம் என்னும் நூலை இயற்றினார். அது வான நூல். கிரகங்களின் நிலையையும் கிரகணங்களையும் கணிக்கும் முறைகளே அதிற் பெரும்பகுதி. எனினும் கணிதம் பற்றிய பன்னிரண்டாம், பதினெட்டாம் அத்தியாயங்களே அவர் புகழை உலகெங்கும் நிலைநாட்டின.

பதினெட்டாம் அத்தியாயத்தில் அவர் எண்களைத் தனம், ருணம், சூனியம் என மூன்றாகக் கொள்கிறார். தனமாவது கைப்பொருள், ருணமாவது கடன். சமமான தனமும் ருணமும் சேர்ந்தால் சூனியம். சூனியத்திலிருந்து கடனை நீக்கினால் தனம். கடனைக் கடனாற் பெருக்கினாலும் தனமே. இவ்விதியைக் காரணம் அறியாமல் உருப்போட்டு அடி வாங்கியவர் நம்முள் எத்தனை பேர்! நூறு பணக் கடனை ஒருவன் மூன்று முறை தள்ளுபடி பெற்றால் முந்நூறு பணம் அவனுக்கு லாபந்தானே? பேரேடு புரட்டும் எவரும் இதை ஒப்புவர்.

தெரியாத தொகையை அவர் அவ்யக்தம் என்றார். ஒருவனிடம் ஐந்து பசுக்களும் 140 பணமும் உள. மற்றொருவனிடம் எட்டுப் பசுக்கள் உள, ஆனால் 100 பணம் கடன். இருவர் செல்வமும் சமமெனின் ஒரு பசுவின் விலை யாது? (கணக்கு அடியேன் கட்டியது, முறை அவருடையது.) தெரிந்த தொகைகளின் வித்தியாசத்தை அவ்யக்தங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 140இலிருந்து 100 பணக் கடனை நீக்கினால் 240. எட்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் 3. ஆகவே விலை 80 பணம். இருவர் செல்வமும் 540 பணமாய் நிற்பதைச் சரிபார்த்துக் கொள்ளலாம். கடனையும் எண்ணாகக் கொண்டமையாலன்றோ ஒரே விதி இரு பக்கத்திற்கும் பொருந்திற்று! வர்க்க சமன்பாட்டிற்கும் அவர் பொது விதி தந்தார்.

ஓரிடத்தில் அவர் வழுவினார். சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியமே என்றார். இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. எவரும் புகாத காட்டில் முதலில் வழி வெட்டுபவன் ஓரடி தவறுவது வியப்பன்று.

அவருடைய புதிரொன்றும் புகழ் பெற்றது. ஒரு வர்க்கத்தை 92ஆற் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மீண்டும் வர்க்கமாக வேண்டும். ஓராண்டிற்குள் விடை காண்பவனே கணிதன் என்பது அவர் துணிபு. விடை 120, கூட்டி வருவது 1151இன் வர்க்கம்.

எட்டாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் கலீபா அல்மன்சூர் காலத்தே அவர் வழிப்பட்ட வானநூல் அரபியிற் பெயர்க்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் அங்கே பீஜகணிதம் எழுதிய அல்குவாரிஸ்மி, ருண எண்களைக் கொள்ளாமையால், சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தனித்தனியே விளக்க நேர்ந்தது.

பிரம்மகுப்தருக்குக் கடுஞ்சொல்லும் உண்டு. பூமி சுழல்கிறது என்ற ஆரியபடரை இளமையில் வன்மையாகச் சாடினார். சுழலுமாயின் உயர்ந்த பொருள்கள் ஏன் வீழவில்லை என்று கேட்டார். அதே ஆசிரியர் 665இல், தம் அறுபத்தேழாம் வயதில், அன்றாடக் கணிப்புக்கு எளிதாகக் கண்டகாத்யகம் என்னும் நூலை எழுதியபோது, ஆரியபடரின் முறையையே அடிப்படையாகக் கொண்டார். பிற்பகுதியில் தம் திருத்தங்களைச் சேர்க்கவும் மறந்தாரில்லை.