ஆர்தர் ஆஷ்

டென்னிஸ் வீரர் ஒருவருடைய சரித்திரத்திற்கு இப்பக்கத்தில் இடமளிப்பானேன் என்று ஆமத்தூர் அன்பர்கள் கேட்கக்கூடும். ஆடுபவர் ஒருவர், அதிகாரம் செலுத்துபவர் வேறொருவர் என்றிருந்த முறையை மாற்றியவர்களில் ஆர்தர் ஆஷ் ஒருவர் என்பதே நமது பதில்.

அவர் 1943-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரில், கறுப்பர் குடும்பமொன்றில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். தந்தை, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய விளையாட்டுத் திடலின் காவலர். வெள்ளையர் திடல்களில் சிறுவனுக்குப் பிரவேசமில்லை. வாசலில் தடுக்கப்படுவதன் வேதனையை, ஆலயப் பிரவேசத்திற்குப் போராடிய நமது ஜில்லாவாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் பெரிய பந்தயங்கள் ஊதியம் பெறாதவர்களுக்கே உரியவை. யார் எங்கே ஆடலாமென்பதைத் தேசியச் சங்கங்களே நிர்ணயித்தன. 1968-ல் அக்கதவு திறந்தது. அவ்வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் ஆஷ் ஜெயித்தார். ஆயினும் ஊதியம் பெறாதவர் என்ற விதியால், 14,000 டாலர் பரிசு தோற்ற டாம் ஆக்கருக்குச் சென்றது. வென்றவருக்குக் கிடைத்தது தினப்படியே! 1972-ல் ஆட்டக்காரர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். மறு வருஷம், யூகோஸ்லாவியாவின் நிக்கி பிலிச் தமது தேசியச் சங்கத்தின் தண்டனைக்கு உள்ளானபோது, ஆஷ் உள்ளிட்ட 81 பேர் விம்பிள்டனைப் பகிஷ்கரித்தனர். 1974-ல் அச்சங்கத்தின் தலைமை ஆஷிடம் வந்தது. 1975-ல் அதில் சேர மறுத்த கானர்ஸை வென்று, விம்பிள்டன் ஆடவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பரானார்.

நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்கா அவருக்கு முன்பு அனுமதி மறுத்தது, 1973-ல் அனுமதித்தது. அவரும் சென்று ஆடினார். நேரில் சென்றால் மனம் மாறுமென்பது அவர் நம்பிக்கை. 1974-ல் பாரதமோ, தமிழ்ச் சகோதரர்களான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் இடம்பெற்ற அணிக்கு எட்டிய டேவிஸ் கோப்பையையே துறந்து, அந்நாட்டோடு இறுதியாட்டம் ஆட மறுத்தது. பாரதத்தின் வழியே உயர்ந்ததென்பது நமது திடமான அபிப்பிராயம். பின்னர் ஆஷும் பகிஷ்காரத்தையே ஆதரித்தார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார்.

1983-ல் இருதய சிகிச்சையின்போது ஏற்றிய இரத்தத்தால் எய்ட்ஸ் நோய் பற்றியது. 1993 பிப்ரவரி 6-ந் தேதி, 49-வது வயதில் காலமானார்.

உழைப்பவர் ஒன்றுபட்டால் நிர்வாகத்தில் குரல் பெறலாம். பெற்ற குரலைப் பிறர் துயர் தீரவும் உயர்த்த வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் நமது சீமைக்கு இவ்விரண்டும் வேண்டிய பாடங்களே.