நிலமளந்த லாம்டன்

தொடங்குதல் எளிது, தொடர்தலே அரிது. ஒரு செயலை மேற்கொள்ளும் நாளில் உள்ளத்தே எழும் ஊக்கம் ஆடிப் புதுப்புனல் போன்றது. கரைபுரண்டோடிய ஆறு பங்குனியில் மணலாய்க் கிடத்தல்போல, அவ்வூக்கமும் திங்கள் சில கழியுமுன்னரே வற்றிவிடுதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஓராண்டில் முடியும் வேலைக்கே இந்நிலை என்றால், இருபது ஆண்டு உழைத்தும் முடிவைக் காணவியலாத வேலையை ஒருவர் தளராது செய்திருத்தல் எங்ஙனம் கூடும்? இவ்வினாவிற்கு விடையாகும் வாழ்க்கை ஒன்றன் சுவடு நம் கல்லூரிக்கு அணித்தே உள்ளது. தாம்பரத்தில் மின்சார ரயிலேறி வடக்கே செல்வோர் பல்லாவரம், மீனம்பாக்கம் கடந்தபின் பரங்கிமலையைக் காண்பர். திருத்தூதர் தோமாவின் பெயரால் கிறிஸ்தவர் போற்றும் அக்குன்று, நிலவளவை வரலாற்றிலும் நிலைத்த இடம் பெற்றதாகும். அவ்விடத்தை அதற்குத் தேடித்தந்தவர் வில்லியம் லாம்டன் என்னும் பெரியார்.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள நார்த்தலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், எளிய குடியிற் பிறந்தார். படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்ற அவர், 1781ஆம் ஆண்டு யார்க்டவுனில் ஆங்கிலப் படை பணிந்தபோது சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் நியூ பிரன்சுவிக் நாட்டில் படைவீடுகளை மேற்பார்க்கும் சிறு அலுவலொன்றிற் பல்லாண்டு கழித்தார். உயர்வுக்கு வழியில்லாத அவ்வேலையில் பிறர் சோம்பிக் கிடந்திருப்பர். அவரோ கணித நூல்களையும், புவியின் வடிவை ஆராயும் நூல்களையும் தாமே கற்றுவந்தார். அவர் இந்தியாவிற்கு வந்தபோது நாற்பது அகவையைக் கடந்திருந்தார். அவர் இருந்த முப்பத்துமூன்றாம் படைப்பிரிவிற்கு ஆர்தர் வெல்லஸ்லி தலைவராயிருந்தார். பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு எனப் பெயர்பெற்றவர் அவரே.

1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்துப் போரில் லாம்டனும் இருந்தார். ஒருநாள் இரவில் படையொன்று வழிதவறிப் பகைவர் பாசறையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வானத்து விண்மீன்களை நோக்கித் திசையறிந்த லாம்டன் தலைவரிடம் அதனைத் தெரிவித்தார். காந்த ஊசியைக் கொண்டு பார்த்தபோது அவர் கூற்றே மெய்யாயிற்று, படையும் தப்பிற்று.

போர் முடிந்ததும், தென்னாட்டைக் கிழக்குக் கடல்முதல் மேற்குக் கடல்வரை கணித முறையால் அளத்தல் வேண்டும் என்று அவர் விண்ணப்பித்தார். கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வேண்டியது வரி வாங்கவும் படை நடத்தவும் உதவும் நாட்டுப்படம். லாம்டன் வேண்டியதோ அதனினும் பெரிது. புவியுருண்டை எத்துணை வளைந்துள்ளது, அவ்வளைவு இடத்துக்கிடம் எங்ஙனம் வேறுபடுகின்றது என்னும் வினாவிற்கு இந்நிலப்பரப்பிலேயே விடைகாண அவர் விரும்பினார். இப்பணியால் வரும் பயனை உணராதார் பலர் செலவைக் கண்டு முணுமுணுத்தனர். சீரங்கப்பட்டணம் போக வேண்டுவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னாற் போதுமே, இத்துணைக் கணக்கு எதற்கு என்று ஒருவர் ஏளனமும் செய்தனராம். எனினும் வெல்லஸ்லியின் துணையால் இசைவு கிடைத்தது.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 10ஆம் நாள் முதல் அளவை தொடங்கிற்று. வடக்கே பரங்கிமலையும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றும் எல்லைகளாக, இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்று குறிக்கப்பெற்றது. அதனை அளத்தற்கு நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றிருந்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு, ஆங்கே ஏற்கப்படாமல் திரும்பிக் கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்த சங்கிலி அது. அதனைத் தரையில் இழுத்து அளந்தாரல்லர். முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை நிரலாக வைத்து, அவற்றுள்ளே சங்கிலியைக் கிடத்தி, வெயிற் படாமல் நிழலிட்டு, வெப்பமானியால் சூட்டையும் குறித்துக்கொண்டனர். சூட்டால் எஃகு நீளுமாதலின், அந்நீட்சியையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். நூறடி அளந்தபின் அனைத்தையும் எடுத்து அடுத்த நூறடிக்குக் கொண்டுசெல்வர். இங்ஙனம் ஏறக்குறைய நானூறு முறை செய்தல் வேண்டும். சென்னைச் சித்திரை வெயிலை அறிந்தவர்க்கு இதன் அருமையை எடுத்துரைத்தல் மிகை. இன்று அக்கோடு சென்ற நிலமெங்கும் வீடுகளும் கடைகளும் நெருங்கியுள்ளன.

ஏழரை மைலை இத்துணைப் பாடுபட்டு அளந்தவர் நாடு முழுவதையும் எங்ஙனம் அளந்தார் என்று வினவலாம். முக்கோணத்தின் ஒரு பக்கத்து நீளமும் கோணங்களும் தெரியின், மற்றைப் பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாம். அப்பக்கங்களின்மேல் புதிய முக்கோணங்களை அமைத்துக் குன்றுக்குக் குன்று தாவிச் செல்லலாம். ஆதலின் அடிக்கோட்டை அளந்தபின் வேண்டுவது கோணங்களை அளக்கும் தியோடலைட்டு என்னும் கருவியே. லாம்டனுக்காக லண்டனில் செய்யப்பட்ட அக்கருவி அரை டன் எடையுள்ளது. கடல்வழியே வருங்கால் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொரீசியஸ் தீவிற்குக் கொண்டுபோகப்பட்டது. கல்விக்குரிய கருவி என்பதறிந்து, பகைவராயினும் அவர்கள் அதனை மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

லாம்டனின் முறையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று கோணங்களின் தொகை எவ்வளவாதல் வேண்டும் என்பது கணித நூலால் முன்னரே அறியப்பட்டது. அளந்த தொகை அதனோடு ஒத்திருப்பின் அம்முக்கோணம் முற்றுப்பெற்றது. ஒவ்வாதாயின் பிழை அன்றே வெளிப்படும். அதுவுமன்றிப் பல முக்கோணங்கள் சென்றபின் நிலத்தில் மீண்டும் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிடுவர். 1804ஆம் ஆண்டு பெங்களூருக்கருகே ஏறக்குறைய ஏழு மைல் நீளமுள்ள கோட்டை இவ்வாறு அளந்தபோது, பரங்கிமலையிலிருந்து கணித்துவந்த நீளத்திற்கும் அதற்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவே. மேலும் மேற்குக் கடற்கரையை எட்டியபோது, தென்னாட்டின் அகலம் பழைய படங்களிற் கண்டதைவிட ஏறத்தாழ நாற்பது மைல் குறைவென்பது புலனாயிற்று.

பின்னர் அவர் குமரிமுனை நோக்கித் தெற்கே அளந்து வந்தார். காவிரி பாயும் தஞ்சை நாட்டில் குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. ஆதலின் கோயிற் கோபுரங்களையே குன்றுகளாகக் கொள்ள நேர்ந்தது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் தியோடலைட்டைக் கயிறுகட்டி ஏற்றுகையில் கயிறொன்று அறுந்தது; கருவி சுவரில் மோதிற்று. கோணங்களைக் காட்டும் பெரிய வட்டம் நெளிந்துபோயிற்று. அத்தகைய கருவி இந்நாட்டில் வேறில்லை. இங்கிலாந்திலிருந்து வருவிப்பதாயின் ஆண்டுகள் கழியும். ஆறாண்டு உழைப்பு அத்துடன் நின்றுபோகும் என்றே கண்டோர் கருதியிருப்பர்.

லாம்டன் எவரையும் வைதாரல்லர். மனமுடைந்து அமர்ந்தாரும் அல்லர். கூடாரமொன்றிற் புகுந்து, கைவேலைக்காரர் சிலரையன்றி வேறெவரையும் உள்ளே விடாமல், கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். தட்டையான பெரும்பலகை ஒன்றில் வட்டத்தின் சரியான அளவை வெட்டிக்கொண்டு, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதனோடு பொருத்தினார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரங்களில் கருவி பெரும்பாலும் பழைய நிலையை அடைந்தது. அதனைக்கொண்டே வேலை மீண்டும் தொடங்கிற்று.

ஆண்டுகள் கழிந்தன; முக்கோணங்கள் வடக்கே ஹைதராபாத் நாட்டிற்குள் சென்றன. காட்டுக் காய்ச்சல் பலருயிரைக் கொண்டது. 1818ஆம் ஆண்டில் இவ்வளவை மகா முக்கோண அளவை எனப் பெயர்பெற்றுக் கவர்னர் ஜெனரலின் நேராட்சிக்கு வந்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் உதவியாளராக அமர்ந்தார். அவர் கண்ட லாம்டன் தளர்ந்த முதியவர். ஆயினும் தியோடலைட்டின் அருகே நின்று அதனைச் சரிசெய்யத் தொடங்கினால் முதுமை அவரைவிட்டு அகன்றதுபோலத் தோன்றியதென எவரெஸ்ட் பிற்காலத்தில் வியந்து எழுதியுள்ளார். 1823ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நாகபுரிக்குச் செல்லும் வழியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் லாம்டன் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு எழுபது அகவையளவில் இருக்கும். பரங்கிமலையில் சங்கிலியை விரித்து இருபதாண்டு கடந்திருந்தது. இமயம் இன்னும் நெடுந்தொலைவில் இருந்தது.

மோசே கானான் நாட்டுக்குள் செல்லாவிடினும் நேபோ மலைமேலிருந்து அதனைக் கண்ணாலேனும் கண்டார். லாம்டனுக்கு அதுவும் கிட்டவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து எவரெஸ்ட் தொடர்ந்தார். 1843ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெறுமுன் குமரிமுனைமுதல் இமயத்தின் அடிவாரம்வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள வளைகோடு அளந்து முடிக்கப்பட்டது. அவ்வளவையின் கணக்கர்களுள் தலைசிறந்தவராகிய ராதாநாத் சிக்தார் முதலியோரின் உழைப்பால், உலகிலேயே உயர்ந்த கொடுமுடி இன்னதென்பதும் பின்னர் அறியப்பட்டது. அதற்கு எவரெஸ்ட்டின் பெயர் இடப்பட்டது. லாம்டனின் பெயரை அறிந்தோர் சிலரே. அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று பரங்கிமலைமேல் உள்ளது. அதுவுமின்றிக் கொடி பிடித்தும், காடு வெட்டியும், கருவி சுமந்தும் மாண்ட எளியோருக்கோ பெயரும் இல்லை, சிலையும் இல்லை. அவர் பணி கும்பினியாரின் ஆட்சிக்குத் துணையாயிற்று என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

நிற்க, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். லாம்டனைத் தாங்கிநின்றது எது? புகழன்று; அது அவர் வாழ்நாளின் இறுதியிலேயே சிறிது வந்தது. முடிவைக் காண்போம் என்னும் நம்பிக்கையும் அன்று. எழுபது அகவையை நெருங்கிய ஒருவர் தம் முன்னுள்ள நிலத்தின் தொலைவை அறியாதவரல்லர். தொலைவை அளத்தலே அவர் தொழில். அவர் இமயத்தை நாள்தோறும் நோக்கிக்கொண்டிருந்திலர். தம் முன்னுள்ள முக்கோணத்தை நோக்கினார். அம்முக்கோணம் சரியாக மூடுமாயின் அன்றைய வேலை நிறைவுற்றது. அதனை எவரும் அழித்தல் இயலாது. சரியாக மூடாதாயின் நாணமின்றி மீண்டும் அளந்தார். பெரும்பணியின் முடிவு பிறர் கையில் இருப்பினும், சிறுபணியின் முடிவு ஒவ்வொரு நாளும் தம் கையில் இருக்குமாறு அவர் அமைத்துக்கொண்டார். இதனோடு அவ்வினாவின்மேல் அவர்க்கிருந்த அன்பும் சேர்ந்தது. அன்பின்றி முறை மட்டும் இருப்பின் அது சுமையாகும். முறையின்றி அன்பு மட்டும் இருப்பின் அது கனவாய்க் கழியும்.

மூன்றாண்டுப் படிப்பையே நீண்டதென எண்ணிச் சோர்வுறும் நம் போன்ற மாணவர்க்கு இவ்வாழ்க்கை நல்லதொரு துணை. பரந்த இலக்கியக் கடலைக் கண்டு மலைப்பவரும், ஆராய்ச்சியின் நடுவில் வழியறியாது நிற்பவரும், ஒருமுறை தோல்வியுற்று ஏட்டை மூடிவைத்தவரும் நம்மிடையே உளர். அவர்கள் ஒரு மாலைப்பொழுதில் பரங்கிமலைமேல் ஏறித் தெற்கே பெரும்பாக்கம் நோக்கிப் பார்ப்பாராக. அந்நிலம் நூறடி நூறடியாகவே அளக்கப்பட்டது. இன்று அளக்க வேண்டிய நூறடியைப் பழுதின்றி அளப்போமாயின், எஞ்சியதை நாளை நாமோ, நமக்குப்பின் வருவோரோ அளப்பர்.