தோற்றும் புகழ் பெற்ற தளபதி

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்று சுட்டுக்கொண்ட போர் அது.

வடக்கே ஆபிரகாம் லிங்கனின் சர்க்கார். தெற்கே, கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த மாகாணங்கள். அந்தத் தெற்கத்திப் படையின் பெரிய தளபதி ராபர்ட் லீ.

லீ தோற்றார். ஆனாலும் அவருக்குச் சிலைகள் எழுந்தன. அவர் மானமுள்ள வீரர்தானா?

லீ 1807-ல் வர்ஜீனியா மாகாணத்தில் பிறந்தார். ராணுவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளில் ஒரு கெட்ட பெயர்கூட வாங்கவில்லை. ஜார்ஜ் வாஷிங்டனுடைய மனைவியின் கொள்ளுப் பேத்தியை மணந்தார்.

மாமனாருக்கு ஆர்லிங்டனில் பெரிய மாளிகை இருந்தது. அடிமைகளும் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று உயில் எழுதி வைத்துவிட்டு, 1857-ல் அவர் இறந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மருமகனுக்கு வந்தது.

லீ உடனே விடவில்லை. வேலை வாங்கினார். 1859-ல் வெஸ்லி நாரிஸ் என்ற அடிமை தப்பி ஓடிப் பிடிபட்டார். லீ தன்னைச் சவுக்கால் அடிக்கச் செய்தார் என்று நாரிஸ் பிற்பாடு வாக்குமூலம் கொடுத்தார். லீயின் கதையைச் சொல்லுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள்!

1861-ல் வடக்கத்திப் படைக்குத் தலைமை ஏற்கும்படி லீக்கு அழைப்பு வந்தது. அவர் மறுத்து, இரண்டு நாளில் ராஜினாமா செய்தார். சொந்த மாகாணத்தை எதிர்த்து வாளெடுக்க மனம் வரவில்லையாம். ஆனால் ஜார்ஜ் தாமஸ் என்ற தளபதியும் வர்ஜீனியாக்காரர்தான். அவர் தேசத்துக்குச் செய்த சத்தியத்தைக் காத்து, வடக்கோடு நின்றார். கூடப் பிறந்த சகோதரிகளே அவரை வெறுத்தார்கள்.

1863 ஜூலை 3. கெட்டிஸ்பர்க் போர்க்களம். சுமார் 12,500 வீரர்களைத் திறந்த வெளியில் பீரங்கிகளை நோக்கி லீ அனுப்பினார். ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள், அல்லது காயப்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். எஞ்சியவர்கள் தள்ளாடித் திரும்பியபோது லீ எதிரே போனார். பிசகு தன்னுடையதுதான் என்று அவர்களிடமே ஒப்புக்கொண்டார்.

1865 ஏப்ரலில் அவருடைய படையைப் பகைவர் வளைத்துக்கொண்டார்கள். வீரர்களுக்குச் சோறு இல்லை. காட்டுக்குள் மறைந்து போரைத் தொடரலாம் என்று ஓர் அதிகாரி யோசனை சொன்னார். லீ சம்மதிக்கவில்லை. சிப்பாய்கள் கொள்ளைக்காரர்களாகி நாடே பாழாகும் என்றார்.

ஏப்ரல் 9-ந் தேதி அவர் சரணடையப் போனார். புது உடுப்பு, இடையில் அழகான வாள். வென்ற தளபதி கிராண்டோ சேறு படிந்த சிப்பாய்ச் சட்டையோடு வந்தார். அவர் வாளைக் கேட்கவில்லை. தோற்ற வீரர்கள் சொந்தக் குதிரைகளை உழவுக்குக் கொண்டுபோக விட்டார். 25,000 பேருக்கு உணவும் அனுப்பினார்.

லீயின் மானத்தை நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு நாளுக்காகத்தான். சவுக்கடியை இது அழித்துவிடாது.

பிறகு லீ ஒரு கல்லூரிக்குத் தலைவராக இருந்து, 1870-ல் காலமானார். ரிச்மண்ட் நகரில் 1890-ல் வைத்த அவர் சிலையை 2021-ல் இறக்கிவிட்டார்கள்.

ஆர்லிங்டன் மாளிகை போரின்போதே சர்க்கார் வசமாகிவிட்டது. 1864 முதல் அந்த நிலத்தில் போர்வீரர்களைப் புதைத்தார்கள். 1866-ல் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் சர்க்கார் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களில் ஒருவர், வெஸ்லி நாரிஸ்.