படம் கொடுக்க மறுத்த ஆட்டக்காரர்

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பழைய அட்டை, 2022 இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் கைமாறியது. அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் ஹோனஸ் வாக்னர் என்ற பெயர் என் கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வைத்துக் கொடுத்த அட்டை அது. அதிலிருக்கும் மனிதர் யார் என்று தேடத் தொடங்கினேன். கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு பேஸ்போல் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளவே சில நாட்கள் பிடித்தன. ஆனால், விலையை விட அந்த மனிதரின் கதைதான் பெரிது என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது.

வாக்னர் 1874 பெப்ரவரி 24 ஆம் திகதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஜேர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் ஒருவர். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே சுரங்க வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் சகோதரர்களுடன் ஆடிய பேஸ்போல்தான் அவரைச் சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. 1897 இல் லூயிவில் அணிக்காக முதற்தர லீக்கில் கால் வைத்தார். 1900 இல் சொந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த பிற்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணிக்கு வந்தவர், 1917 இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார். அடுத்த லீக் கூடுதல் பணம் தருவதாக அழைத்தும் அவர் போகவில்லை.

அவருடைய தோற்றத்தைப் பார்த்து ஓட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கனத்த உடம்பு, அகன்ற மார்பு, நீண்ட கைகள், வில்லாய் வளைந்த கால்கள். ஆனாலும் பறக்கும் டச்சுக்காரர் என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்தது அந்தக் கால்களால்தான்.

பேஸ்போலில் ஓடுவது வேறு, தளம் திருடுவது வேறு. ஒரு தளத்தில் நிற்பவர், பந்து அடிக்கப்படுவதற்குக் காத்திராமல், எறிபவர் பந்தை எறியத் தொடங்கும் கணத்திலேயே அடுத்த தளத்தை நோக்கிப் பாய வேண்டும். பின்னால் இருக்கும் காப்பாளர் பந்தைப் பிடித்து அந்தத் தளத்துக்கு எறிவார். பந்து முந்தி வந்து, ஓடுபவர் தளத்தை எட்டுமுன் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் ஆட்டமிழப்பு. கால் வேகம் மட்டும் இதற்குப் போதாது. எறிபவரின் தோளும் முழங்காலும் எப்போது எப்படி அசைகின்றன என்று படித்து வைத்திருக்க வேண்டும். வாக்னர் தன் வாழ்நாளில் 720 தடவைக்கு மேல் இப்படித் தளம் திருடியிருக்கிறார். ஐந்து பருவங்களில் தேசிய லீக்கில் அவரே முதலிடம். 1907 இல் மட்டும் 61. எட்டுத் தடவை லீக்கின் சிறந்த துடுப்பாட்டக்காரரும் அவர்தான். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில் நின்று, அதிகமான பந்துகளை எதிர்கொள்ளும் ஷோர்ட்ஸ்டொப் இடத்தைக் காத்துக்கொண்டே இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்தார்.

ஆனால், என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அவர் தோற்ற ஆண்டு. 1903 இல் நவீன காலத்தின் முதலாவது உலகத் தொடர் நடந்தது. எதிரணி பொஸ்டன். அந்தப் பருவத்தின் சிறந்த துடுப்பாட்டக்காரராக வந்த வாக்னர், தொடரில் தடுமாறினார். களத்தடுப்பில் ஆறு பிழைகள் விட்டார். கடைசி ஆட்டத்தில் கடைசியாக ஆட்டமிழந்தவரும் அவரே. பந்து மட்டையில் படவேயில்லை. அடுத்த ஆண்டு, சிறந்த துடுப்பாட்டக்காரர்களின் படங்களை வைக்கும் காட்சிக்கு அவருடைய படத்தைக் கேட்டார்கள். உலகத் தொடரில் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு அந்த மரியாதை தனக்குப் பொருந்தாது என்று மறுத்துவிட்டார்.

மீண்டும் உலகத் தொடரில் ஆட ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1909 இல் எதிரணி டிட்ரொய்ட். அதன் நட்சத்திரம் 22 வயது டை கோப். அவரும் தளத் திருட்டில் பேர்போனவர். வாக்னருக்கோ 35 வயது. ஏழு ஆட்டங்கள் நடந்த தொடரில் கோப் இரண்டு தளங்களைத் திருடினார், வாக்னர் ஆறு. துடுப்பாட்டத்திலும் மூத்தவரே முந்தினார். பிற்ஸ்பேர்க் வென்றது. அந்த ஆறு என்ற எண்ணிக்கையைத் தாண்ட 1967 வரை எவராலும் முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான் சிகரெட் நிறுவனமொன்று ஆட்டக்காரர்களின் அட்டைகளை வெளியிட்டது. தன் படத்தைப் போட வேண்டாம் என்றார் வாக்னர். சிறுவர்கள் அட்டைக்காக சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். பணம் தரப்படாததே காரணம் என்பது இன்னொரு விளக்கம். அவரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. அச்சு நிறுத்தப்பட்டது. அதற்குள் வெளியே போன சில பத்து அட்டைகளே இன்று எஞ்சியிருக்கின்றன. விலை ஏறியதற்குக் காரணம் அதுதான்.

இந்தப் புகழுக்குள் ஒரு கறையும் உண்டு. வாக்னர் ஆடிய லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அதே காலத்தில் ஜோன் ஹென்றி லொயிட் என்ற கறுப்பின ஷோர்ட்ஸ்டொப், கறுப்பு வாக்னர் என்று அழைக்கப்பட்டார். அந்த ஒப்பீட்டை வாக்னர் தனக்குக் கிடைத்த பெருமையாகவே எடுத்துக்கொண்டாராம். ஆனால், இருவரும் ஒரே லீக்கில் ஆட வழியிருக்கவில்லை. 1936 இல் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தெரிவான ஐவரில் வாக்னர் ஒருவர். லொயிட் அங்கே சேர்க்கப்பட்டது 1977 இல், இறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஓய்வுக்குப் பின் வாக்னர் தொடங்கிய விளையாட்டுப் பொருள் வியாபாரம் நிலைக்கவில்லை. 1933 இல் பைரேட்ஸ் அணி அவரைப் பயிற்றுநராகத் திரும்ப அழைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இளம் ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1955 ஏப்ரலில் பிற்ஸ்பேர்க் மைதானத்தருகே அவருக்குச் சிலை திறந்தார்கள். நலிந்த உடம்போடு வந்து அதைப் பார்த்தார். அதே ஆண்டு டிசம்பர் 6 ஆம் திகதி, 81 வயதில் காலமானார்.

ஏலச் செய்திகள் இனியும் வரும். அவற்றில் அட்டையின் விலையே தலைப்பாக இருக்கும். எனக்கோ, 1903 இல் தோற்றதற்காகப் படம் கொடுக்க மறுத்துவிட்டு, 35 வயதில் திரும்பி வந்து ஆறு தளங்களைத் திருடிய அந்த வளைந்த கால்கள்தான் நினைவுக்கு வரும்.