உயிர் மீட்க உழைத்த வில்லியம் ஹாஸ்

நீரில் மூழ்கி மூச்சடங்கியவனை இறந்தவனென்றே கருதிக் கைவிடுதல் உலக வழக்காயிருந்த காலம் ஒன்றுண்டு. அவ்வழக்கை மாற்ற உழைத்த பெரியோருள் ஆங்கில வைத்தியராகிய வில்லியம் ஹாஸ் முதன்மையான ஒருவர்.

இவர் 1736-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த இஸ்லிங்டனிற் பிறந்து, ஸ்டிராண்டு வீதியில் வைத்தியத் தொழில் நடத்திவந்தார். 1767-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நீரில் அமிழ்ந்தோரை உயிர்ப்பிக்குஞ் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் அறிக்கைகளைக் கோகன் என்னும் வைத்தியர் 1773-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மூச்சு நின்றவுடன் உயிர் முற்றும் நீங்கிவிடுவதில்லை என்று ஹாஸ் கூறியபோது பலர் நகைத்தனர். அவரோ சொல்லை விடுத்துச் செயலில் இறங்கினார். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திற்கும் லண்டன் பாலத்திற்கும் இடையே, நீரில் வீழ்ந்தோரை எடுத்துக் காலந்தாழ்த்தாது கரைசேர்ப்போர்க்குத் தம் சொந்தப் பொருளினின்றே வெகுமதி அளித்தார்; அவ்வாறு வந்தோர் சிலரை உயிர்ப்பித்தும் காட்டினார்.

ஓராண்டு இவ்வாறு சென்றது. நண்பருடைய செல்வம் அழிந்துவிடுமென்று கோகன் அஞ்சி, பாரத்தைப் பலரும் பகிர்ந்து சுமத்தல் வேண்டுமென்றார். இருவரும் தத்தம் நண்பர் 15 பேரை அழைத்துவர, 1774-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் 32 பேர் ஒரு காப்பி விடுதியிற் கூடிச் சங்கம் நிறுவினர். அதுவே பின்னர் ராயல் ஹ்யூமேன் சொஸைட்டி எனப் பெயர் பெற்றது.

உடலைச் சூடேற்றுதல், வாயோடு வாய் வைத்து ஊதுதல், துருத்தியாற் காற்றைச் செலுத்துதல் ஆகியன சங்கத்தார் கையாண்ட முறைகள். புகையிலைப் புகையைக் குடலிற் செலுத்துதலும் அவற்றுள் ஒன்று. அது தீதென்று கண்டு பின்னர் விலக்கினர். ஆண்டுவிழாவில் உயிர் மீண்டோர் அணிவகுத்து நடந்து செல்வர். அக்காட்சியினும் வலிய சான்று எதிரிகளுக்கு வேறென்ன வேண்டும்? 1808-இல் ஹாஸ் இயற்கை எய்தினார். அணைந்த தீவட்டியை ஒரு சிறுவன் ஊதும் உருவம் சங்கத்தின் பதக்கத்திற் பொறிக்கப்பட்டுள்ளது.

அத்தீப்பொறியைப் பின்வந்தோர் வளர்த்தனர். 1960-இல் கௌவன்ஹோவன் முதலிய மூவர் பால்டிமோர் நகரில் மார்பை அழுத்தி இரத்தத்தை ஓடச்செய்யும் முறையை வெளியிட்டனர். இன்று பெரியவர்க்கு மார்பின் நடுவே இரு கைகளால் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தி, 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு ஊதுகின்றனர். கைக்குழந்தைக்கோ இரு பெருவிரல்களால் ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே அழுத்தி, வாயையும் மூக்கையும் ஒருங்கே மூடி மெல்ல ஊதுதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! இக்கலையைக் கற்றோர் அருகிருப்பின் பல உயிர்கள் மீளும். நகைப்புக்கு அஞ்சாது ஹாஸ் தொடங்கிய பணி நம் கைகளையும் எதிர்நோக்கி நிற்கின்றது.